பால் பல் சொத்தை: வேலூர்ப் பக்கத்தில் குழந்தையை எங்கே காட்டுவது?

ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பெயரைத்தான் கேட்பேன். பெயரைச் சொல்ல வாயைத் திறந்ததுமே பற்கள் தெரிந்துவிடும். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறு வரை கரைந்து, பழுப்புக் குச்சிகளாக நிற்கும். "பூச்சி தின்றுவிட்டது டீச்சர்" என்று அந்தப் பிள்ளையே சொல்லும். குடியாத்தத்துக்கு அருகில் ஒரு தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாக இதைப் பார்த்து வருகிறேன். பீடி சுற்றும் வீடு, தீப்பெட்டி வேலை செய்யும் வீடு, லுங்கி நெய்யும் வீடு, ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் வீடு என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. கார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் விலக்கில்லை.

பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். "விழப்போகிற பல்தானே டீச்சர்?" என்பது ஒன்று. "சரி, எங்கே காட்டுவது?" என்பது அடுத்தது. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு, அரசு மருத்துவமனை, கடைத்தெரு கிளினிக், குழந்தைகளுக்கென்றே படித்த பல் மருத்துவர், சி.எம்.சி. என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி என்று வழிகள் பல இருப்பதாலேயே குழம்பி, எங்கேயும் போகாமல் இருந்துவிடுகிறார்கள். நான் மருத்துவர் இல்லை. ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூத்தவளுக்குத் தாமதமாகவும் இளையவனுக்கு நேரத்திலும் இந்த வாசல்களில் ஏறி இறங்கியவள். அந்த அனுபவத்தோடும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதோடும் இதை எழுதுகிறேன்.

## விழப்போகிற பல்தான், ஆனால் எப்போது?

பால் பற்கள் மொத்தம் 20. முதல் பல் பெரும்பாலும் 6 மாதத்தையொட்டி எட்டிப்பார்க்கும். 3 வயதுக்குள் இருபதும் வந்துவிடும். முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்குகின்றன. அதைப் பார்த்துத்தான் எல்லாப் பால் பற்களும் அப்போதே போய்விடும் என்று நினைக்கிறோம். கடைவாயில் இருக்கும் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை விழுவதில்லை. 4 வயதில் கடைவாய்ப் பல் சொத்தையானால் அந்தப் பிள்ளை இன்னும் ஆறேழு வருடம் அதே பல்லால்தான் சோறு மெல்ல வேண்டும்.

அதை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கிச் சாயும். பிறகு அடியிலிருந்து வரவேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது. கோணலாக முளைக்கும், அல்லது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பால் பல்லின் மேலோடு மெல்லியது, உள்ளே நரம்பு இருக்கும் அறை பெரியது. அதனால் பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் ஆவது இவர்களுக்குச் சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடுகிறது.

இன்னொன்றைப் பெற்றோர் கூட்டம் தவறாமல் சொல்லுகிறேன். 6 வயதில், பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதற்குமான பல். எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் அதைச் சொத்தையாக்கிக்கொண்ட பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் சொத்தை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கன்வாடியில் தரும் இரும்புச் சத்து சிரப் பல்லின்மேல் கறுப்புப் படிவை உண்டாக்கும். அது மேல்பூச்சு மட்டுமே, அதற்காக சிரப்பை நிறுத்திவிடக் கூடாது. பழைய வட ஆர்க்காட்டின் சில பகுதிகளில், குறிப்பாகத் திருப்பத்தூர்ப் பக்கம், அதை ஒட்டிய கிருஷ்ணகிரிப் பக்கமும், ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதுண்டு. அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் வரும். அது வேறு சங்கதி. உண்மையான சொத்தையின் முதல் அடையாளம் கறுப்பே இல்லை. மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீட்டியதுபோல் மங்கிய வெள்ளைக் கோடு. மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் காட்டினால் குடையாமலே மீட்கலாம்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலோர் முதலில் கேட்பது "எவ்வளவு வாங்குவார்கள்?" என்பதை. அதைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் அளவுகோல், எத்தனை முறை போக வேண்டும் என்பது. பல் வைத்தியம் ஒரு நாளில் முடிவதில்லை. நரம்பு வரை போன ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து, பல்லை மூடும் தொப்பி மாட்ட இரண்டு மூன்று முறை ஆகலாம். அப்படி நான்கு பற்கள் என்றால் எண்ணிக்கொள்ளுங்கள். பீடி சுற்றும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. சிகிச்சை இலவசம், ஆனால் ஐந்து நாள் கூலி போய்விட்டது என்றால் அது இலவசம் ஆகாது. பாதியில் நிறுத்திவிட்டால் அதைவிட மோசம். திறந்துவிட்ட பல் மீண்டும் சீழ் கட்டும்.

இரண்டாவது, பிள்ளையின் வயதும் சுபாவமும். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தை நாற்காலியில் அரை மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு இருக்காது. அது யார் தவறும் இல்லை. அந்த வயதுக் குழந்தையைக் கையாளத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, அந்த இடத்தில் அடுத்த படியும் இருக்கிறதா என்பது. அடைக்க மட்டும் முடியுமா, வேர் சிகிச்சை முடியுமா, தொப்பி மாட்டுவார்களா, தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வசதி உண்டா? இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்?

நான்காவது, பல்லைக் காப்பாற்றப் பார்க்கிறார்களா, பிடுங்கப் பார்க்கிறார்களா என்பது. இவை நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு பணம்.

## காத்திருந்து பார்ப்பது

இதை ஒரு வழியாகவே எண்ண வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்மில் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். நானும் தேர்ந்தெடுத்தேன்.

மூத்த மகளுக்கு அப்போது 4 வயது. கடைவாயில் ஒரு குழி. சாப்பிடும்போது மட்டும் அந்தப் பக்கம் வலிக்கிறது என்றாள். மருந்துக் கடையில் வலி மருந்து வாங்கிக் கொடுத்தேன், வலி போய்விட்டது. போனது வலி மட்டும்தான். பொங்கல் விடுமுறையில், மாட்டுப் பொங்கலன்று இரவு, கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஊரில் எந்த கிளினிக்கும் திறந்திருக்கவில்லை. மறுநாள் திறந்த முதல் இடத்தில் என் கணவரும் நானும் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, பல்லைப் பிடுங்கினார்கள். அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரைக் கண்டாலும் என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். பிடுங்கிய இடம் மூடிக்கொண்டது. இப்போது கம்பி போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தச் செலவில் பத்து சிறு பல்லை அடைத்திருக்கலாம்.

காத்திருப்பது சரியாக அமையும் சந்தர்ப்பம் உண்டா? உண்டு, ஒன்றே ஒன்று. இன்னும் சில மாதங்களில் விழப்போகும் முன்பல், வலி இல்லை, வீக்கம் இல்லை, மருத்துவர் பார்த்துவிட்டு "விட்டுவிடலாம்" என்று சொன்னார் என்றால். பார்க்காமல் நாமாகச் சொல்லிக்கொள்வது அதில் சேராது. காத்திருக்கும் நாட்களில் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து வைப்பவர்களும் உண்டு. குழந்தையின் ஈறை அது புண்ணாக்கிவிடும். ஆஸ்பிரின் மாத்திரை சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

## அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு

2013இல் தொடங்கிய, ஆர்.பி.எஸ்.கே. என்று சொல்லப்படும் தேசியத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். அவர்கள் தேடும் குறைகளின் பட்டியலில் பல்லும் இருக்கிறது.

இதன் பெரிய பலம், கூலி இழக்க வேண்டியதில்லை, பிள்ளை பழகிய இடத்திலேயே வாயைத் திறந்து காட்டும். பலவீனம், அங்கே சிகிச்சை நடக்காது. கண்டுபிடித்து, சீட்டு எழுதி, அனுப்புவார்கள். அந்தச் சீட்டுதான் எங்கள் பள்ளியில் அதிகம் தொலைந்துபோகும் காகிதம். புத்தகப் பையின் அடியில் நசுங்கிக் கிடக்கும். அந்தச் சீட்டோடு போனால் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அலைய வேண்டியிருக்காது. குழு எந்த நாளில் வருகிறது என்று அங்கன்வாடி அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டு, முடிந்தால் அன்று கூடவே இருங்கள்.

தரம் உயர்த்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பல் மருத்துவரும் இருக்கிறார். தினமும் இருப்பாரா, குறிப்பிட்ட நாட்களிலா என்பதை ஊர் செவிலியரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. பரிசோதனைக்கும் சிறு அடைப்புக்கும் இதைவிட அருகில் எதுவும் இல்லை.

## அரசு மருத்துவமனை

குடியாத்தத்தில், வாலாஜாவில், திருப்பத்தூரில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. வேலூரில் திருவண்ணாமலைச் சாலையில் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரித்த பிறகு, அவரவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையே முதல் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து எது ஒரே பஸ்ஸில் போகக்கூடியதோ அதையே பாருங்கள்.

கட்டணம் இல்லை. பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து அடுக்கம்பாறை போக வேலூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். புறநகர் பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. புறநோயாளர் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். ஒன்பது மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கே பிள்ளையை எழுப்ப வேண்டும். தூக்கம் கலைந்த, பசித்த, இரண்டு மணி நேரம் கூட்டத்தில் காத்திருந்த 3 வயதுக் குழந்தை அந்த நாற்காலியில் எப்படி ஒத்துழைக்கும்? இதுதான் அரசு மருத்துவமனையின் மறைந்த விலை என்று நினைக்கிறேன். மருத்துவர்களின் திறமையில் குறை சொல்ல முடியாது. ஒரு காலைப் பொழுதில் அத்தனை பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில், ஒரு பால் பல்லுக்கு மூன்று அமர்வு ஒதுக்குவதைவிடப் பிடுங்கிவிடுவது எளிதான முடிவாகிவிடுகிறது. "இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டவர்களுக்கு நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

5 வயதைத் தாண்டிய, சொன்னால் கேட்கும் பிள்ளைக்கு, ஒன்றிரண்டு பல் பிரச்சினைக்கு, கையில் பணம் இல்லாத வீட்டுக்கு இதுவே சரியான இடம். முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும் இங்கேதான் போக வேண்டும். வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்குக் கீழோ பரவினால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால், விடியும்வரை பொறுக்காமல் இரவோடிரவாக அடுக்கம்பாறை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

## கடைத்தெரு கிளினிக்

இப்போது குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ பல் கிளினிக் பலகை இல்லாத கடைத்தெரு அபூர்வம். பெரும்பாலும் பி.டி.எஸ். முடித்த பொதுப் பல் மருத்துவர்கள். மாலையில் திறந்திருப்பார்கள், வேலை முடிந்து போகலாம், ஒரு தெரு தாண்டினால் வீடு. மீண்டும் மீண்டும் போவதற்கு இதைவிட வசதி கிடையாது. நான் முதலில் சொன்ன அளவுகோலில், எத்தனை முறை போவது என்பதில், இது எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது.

என் இளையவனைக் கூட்டிப் போனது இப்படி ஓர் இடத்துக்குத்தான். அவனுக்கு முதல் பல் முளைத்தபோது என் மாமியார் பல் கொழுக்கட்டை செய்தார்கள். அந்தச் சடங்கை நாள்காட்டியாக வைத்துக்கொண்டேன். முதல் பல் வந்த 6 மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் பரிந்துரை. அவன் என் மடியில் உட்கார்ந்து, தலையை மருத்துவரின் மடியில் சாய்த்து, ஐந்து நிமிடம். எதுவும் செய்யவில்லை. விளக்கைத் தொட்டுப் பார்க்கவிட்டார். அடுத்த 6 மாதத்தில் அவனே முன்னால் நடந்து போனான். அக்காவுக்குக் கிடைக்காதது இதுதான்.

மறைந்த செலவுகள் இங்கே அதிகம், கவனம் வேண்டும். பரிசோதனைக் கட்டணம் குறைவு. எக்ஸ்ரே, அடைப்பு, தொப்பி என்று தனித்தனியாகச் சேரும். இலவச முகாமில் ஏழு பல்லுக்கு வேர் சிகிச்சை என்று எழுதிக் கொடுத்ததை ஒரு தாய் அழுதுகொண்டே என்னிடம் காட்டினார். அதில் இரண்டு பற்கள் அப்போதே ஆடிக்கொண்டிருந்தன. அதனால் ஒவ்வொரு பல்லையும் காட்டி, "இது இன்னும் எத்தனை வருடம் வாயில் இருக்கும்?" என்று கேளுங்கள். நேர்மையான மருத்துவர் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார். மொத்தச் செலவையும் எத்தனை அமர்வு என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

குடையாமல் செய்யும் வழிகளைப் பற்றியும் கேட்கலாம். வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த 38 சதவீதக் கரைசல் ஒன்று (சில்வர் டையமின் ஃபுளோரைடு) இருக்கிறது. சொத்தையின்மேல் தடவினால் ஊசி இல்லாமல், சத்தம் இல்லாமல், பெரும்பாலான சொத்தைகள் பரவாமல் நின்றுவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கரிக்கறுப்பாகிவிடும். முன்பல் என்றால் கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். கடைவாய்ப் பல்லில் யார் பார்க்கப் போகிறார்கள்? நரம்பு வரை போய்ச் சீழ் கட்டிய பல்லுக்கு மட்டும் அது உதவாது. அதுபோல ஹால் முறை என்று ஒன்று: சொத்தையைக் குடையாமல், மரத்துப்போகும் ஊசியும் இல்லாமல், ஸ்டீல் தொப்பியைக் கடைவாய்ப் பால் பல்லின்மேல் ஒட்டி மூடிவிடுவது. இவை எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது, ஆனால் கேட்காமல் தெரியாது.

## குழந்தைப் பல் சிறப்பு மருத்துவர்

பி.டி.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருடம் குழந்தைகளின் பல்லையே எம்.டி.எஸ். ஆகப் படித்தவர்கள். வேலூர் நகரில் தேடினால் கிடைப்பார்கள். சின்ன ஊர்களில், வாரத்தில் ஒருநாள் ஒரு கிளினிக்குக்கு வந்து பார்ப்பவராக இருக்கலாம். அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

கட்டணம் கூடுதல். அந்தக் கூடுதலுக்கு நமக்குக் கிடைப்பது பொறுமை. அழும் பிள்ளையை எப்படிப் பேச்சுக்கு இழுப்பது, எப்போது நிறுத்துவது, எப்போது இன்னொரு நாள் வரச் சொல்வது என்பதெல்லாம் அவர்கள் படிப்பின் பகுதி. 2 முதல் 5 வயதுப் பிள்ளை, நான்குக்கு மேல் சொத்தைகள், ஏற்கெனவே ஓர் இடத்தில் பயந்துபோனவள் என்றால் கடன் வாங்கியாவது இங்கே போகலாம் என்பேன். பல் பிடுங்கியே ஆக வேண்டும் என்றாலும், இடம் மூடாமல் காக்கும் சிறு கம்பியை மாட்டச் சொல்லிக் கேட்க இதுவே ஏற்ற இடம். என் மகளுக்கு அந்தக் கம்பி என்று ஒன்று இருப்பதே யாரும் சொல்லவில்லை.

## சி.எம்.சி.

வேலூர்க்காரர்களுக்கு எந்த நோயென்றாலும் வாயில் முதலில் வரும் பெயர் இது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது. இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். பல் பிரிவும் உண்டு. ஆனால் அரைமணி அடைப்புக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் முழுவதும் நிற்பது வீண். பதிவு, அப்பாயிண்ட்மெண்ட், பணம் கட்டும் வரிசை என்று ஒவ்வொன்றும் நேரம்.

பல்லோடு வேறு நோயும் இருக்கும் பிள்ளைக்கு இதற்கு இணை இல்லை. பிறவி இதய நோய் உள்ள சில பிள்ளைகளுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஹீமோபிலியா போன்ற ரத்தம் உறையாத நோய் இருந்தால் கடைத்தெருவில் பல்லைத் தொடவிடக் கூடாது. வலிப்பு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், மயக்க மருந்து கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டிய மிகச் சிறு குழந்தைகளுக்கும் மயக்கவியல் மருத்துவரும் குழந்தைநல மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெரிய மருத்துவமனைதான் பாதுகாப்பு.

## சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காட்பாடியில் ரயிலேறினால் சென்ட்ரலில் இறங்கிப் போய்விடலாம். பூந்தமல்லிச் சாலையில் தனியார் கல்லூரிகளும் உள்ளன. மாணவர்கள் செய்ய, பேராசிரியர்கள் மேற்பார்ப்பார்கள். குழந்தைகளுக்கென்று தனித் துறை உண்டு. ஒவ்வொரு படியும் மெதுவாக நடக்கும், அதனால் ஒவ்வொரு பயணமும் முழு நாள். சென்னையில் அண்ணன் வீடோ சித்தி வீடோ இருந்து, கோடை விடுமுறையில் பத்து நாள் தங்க முடியும் என்றால் அருமையான வழி. இல்லையென்றால் முதல் தடவை போய்விட்டு இரண்டாம் தடவையை விட்டுவிடுவோம்.

## ஒரே பார்வையில்

| இடம் | பணம் | நாள் இழப்பு | சிறு குழந்தைக்கு | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| அங்கன்வாடி, பள்ளிக் குழு | இல்லை | இல்லை | பழகிய இடம் | கண்டுபிடிக்க மட்டும் |
| அரசு மருத்துவமனை | இல்லை | ஒவ்வொரு முறையும் ஒரு நாள் | காத்திருப்பு கடினம் | 5 வயதுக்கு மேல், ஓரிரு பல். வீக்கம், காய்ச்சல் |
| கடைத்தெரு கிளினிக் | நடுத்தரம், சிறுகச் சிறுகச் சேரும் | மாலை ஒரு மணி நேரம் | மருத்துவரைப் பொறுத்தது | முதல் சந்திப்பு, 6 மாதத்துக்கு ஒருமுறை, ஆரம்பச் சொத்தை |
| சிறப்பு மருத்துவர் | அதிகம் | அரை நாள் | மிக ஏற்றது | பல சொத்தைகள், பயந்த பிள்ளை |
| சி.எம்.சி. | பிரிவைப் பொறுத்தது | ஒரு நாள் | கூட்டம் அதிகம் | வேறு நோய் உள்ள பிள்ளை, மயக்க மருந்து தேவை |
| சென்னைக் கல்லூரி | குறைவு | முழு நாள், பல முறை | தனித் துறை உண்டு | தங்க இடம் இருந்தால், பெரிய சிகிச்சை |

## என்னிடம் கேட்டால்

ஒன்றரை வயதுக் குழந்தை, மேல் முன்பற்களில் வெள்ளைக் கோடு: நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள். பாட்டிலில் பால் குடித்துக்கொண்டே தூங்குவதை நிறுத்துங்கள். பாலில் சர்க்கரை வேண்டாம், டீயில் தோய்த்த பொறையை நாள் முழுக்கக் கையில் கொடுத்துவைப்பது வேண்டாம். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லை அரிக்கிறது. ஃபுளோரைடு உள்ள பற்பசை 3 வயதுவரை ஓர் அரிசி அளவு, அதன்பின் ஒரு பட்டாணி அளவு. தேய்த்துவிடுவது நீங்களாக இருக்க வேண்டும், ஏழெட்டு வயதுவரை.

4 வயது, இரண்டு பக்கமும் கடைவாயில் குழிகள், இரவில் எழுந்து அழுகிறாள், அப்பாவுக்கு மாதச் சம்பளம்: சிறப்பு மருத்துவர். அதே பிள்ளை, தினக்கூலி வீடு: முதலில் அரசு மருத்துவமனையில் வலியையும் சீழையும் அடக்குங்கள். பிறகு கடைவாய்ப் பற்களை மட்டுமாவது காப்பாற்ற ஒரு கிளினிக்கில் பேசிப் பாருங்கள். தவணையாக வாங்கிக்கொள்ளும் மருத்துவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். 6 வயது, புதிதாகக் கடைவாய்ப் பல் முளைத்திருக்கிறது, சொத்தை இல்லை: அதன் பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சைப் போட முடியுமா என்று கேளுங்கள். குடைவது இல்லை, வலி இல்லை.

மலை ஊர்களிலிருந்து, பீஞ்சமந்தைப் பக்கத்திலிருந்து, இறங்கி வருபவர்களுக்கு நான் சொல்வது வேறு. இறங்கும் ஒரு நாளில் முடிந்தவரை செய்துகொண்டு போக வேண்டும் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தடவும் மருந்து, தொப்பி போன்றவை அவர்களுக்குத்தான் மிகவும் பயன்படும்.

எந்த இடமானாலும் முந்தைய இரவு பிள்ளையிடம் பேசுங்கள். "சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்" என்று மிரட்டிவைத்த வீட்டில் அந்த நாற்காலி எப்படிப் பழகும்? "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள்; வலித்தால் உங்களை நம்பாது. "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார், மொத்தம் எத்தனை என்று நீ எனக்கு வந்து சொல்ல வேண்டும்" என்று சொல்லுங்கள். என் இளையவன் கிளினிக்கிலிருந்து வெளியே வந்து, செருப்பைக்கூட மாட்டாமல், "இருபது அம்மா" என்றான்.